திருத்தணியில் நாலு டஜன் மயில்

யுத்தம் முடிந்த அடுத்த ஆடிக் கிருத்திகையை ஒட்டி மூன்று தரம் திருத்தணிப் பக்கம் போய்வந்தேன். மூன்று தரமும் ஓட்டல் வேலையாகத்தான். பட்டணத்தில் பெரிய ஓட்டல் ஒன்றில் நான் பட்லர். பள்ளிக்கூடத்தில் நாலாவதோடு நின்றவன், ஆனால் சூப்புக்கு எந்தக் கரண்டி என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவேன். அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று வழியை எழுதுகிறேன். நடுவில் என் மானம் போன கதையும் வரும்; அது வழியிலேயே கிடப்பதால் தாண்டிப் போக முடியவில்லை.

எங்கள் ஓட்டலின் சின்னம் மயில். கோப்பையில் மயில், மெனுக் கார்டில் மயில், என் தலைப்பாகை வில்லையிலும் மயில். கிருத்திகை அன்று ஓட்டலின் பெரிய வாடிக்கைக்காரர்களை திருத்தணிக்கு அழைத்துப் போய், தரிசனம் முடிந்ததும் மலையடிவாரத்து பங்களா ஒன்றில் விருந்து வைப்பதென்று முதலாளி முடிவு செய்தார். "விருந்தாளி வாயைத் துடைக்கும்போதும் நம்ம மயில் ஞாபகம் வரணும்யா" என்று சொல்லி, மயில் போட்ட நாப்கின் நாலு டஜன் நெய்து வாங்கிவர என்னை அனுப்பினார்.

சென்ட்ரலில் காலை வண்டி பிடித்து அரக்கோணத்தில் மாற வேண்டும். ஐம்பது மைலுக்குச் சற்று மேல். மூன்றாம் வகுப்புக்கு ஒரு ரூபாயும் சில்லறையும் ஆகும். திருத்தணியில் இறங்கினால் பொதட்டூர்பேட்டைக்கு, பெட்ரோல் பஞ்சத்தில் கரி எரித்து ஓடும் கரிவாயு பஸ். பன்னிரண்டு மைல் தூரத்துக்கு இரண்டு மணி நேரம். மேட்டில் வண்டி நின்றுவிட்டது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "வயசானவங்க மட்டும் குந்திக்கினு இருங்க, மத்தவங்க எறங்கித் தள்ளுங்க" என்றார். எனக்கு அறுபத்திரண்டு. அன்றைக்கு எண்பது என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன்.

பொதட்டூர்பேட்டையில் வீட்டுக்கு வீடு தறி ஓடும். நல்ல கை என்று நாகம்மாவைக் காட்டினார்கள். புருஷனுக்குக் கண் மங்கியதால் அந்த அம்மாவே தறியில் உட்கார்ந்திருந்தாள். நான் நீட்டிய மயில் படத்தைத் தொட்டுப் பார்த்து, "யாருக்கு நைனா இத்தினி மயிலு?" என்று கேட்டாள்.

ஓட்டலுக்கு என்று சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே!

"பெரிய முதலாளிக்கும்மா. மயிலு இல்லாம ஒரு எடத்துக்கும் போவ மாட்டாரு. கிருத்திகைக்குத் திருத்தணியிலதான் இருப்பாரு."

"திருத்தணியில சாமிக்கு முன்னாடி யானைதானே நிக்குது?"

"அதனாலதாம்மா மயிலைக் கேட்டுக்கினு கீறாரு!"

அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன். தறிக்குழியில் இருந்தபடியே இரண்டு கையையும் குவித்தாள். புருஷனைக் கூப்பிட்டு, "மாமா, தறிய மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவணும்" என்றாள். சாமிக்கு என்றே நம்பிவிட்டாள் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஒரு வார்த்தையில் திருத்தியிருக்கலாம். ஆனால் நல்ல கேலி ஒன்று பலித்திருக்கும்போது அதைக் கெடுக்க மனசு வரவில்லை. திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

கிருத்திகைக்கு இரண்டு நாள் முந்தியே விருந்து வேலைக்கு வந்து தங்கிவிட்டேன். அன்று மூட்டையை அவளே திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒவ்வொரு துணியின் மூலையிலும் மயிலுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பொட்டு. "கீழ வெக்காதீங்க நைனா" என்றாள். "தலைமேலயே வெச்சிக்கிறேம்மா" என்று மூட்டையைத் தலையில் தூக்கி வைத்து ஒரு ஆட்டம்கூடப் போட்டேன்.

விருந்து நாள். கிருத்திகைக் கூட்டத்தில் ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக்கு நாலணா ஜட்கா எட்டணா கேட்கும், நடப்பதே மேல். எங்கள் பங்களா மலைப்படிக்குப் போகும் வழியிலேயே இருந்தது. தாழ்வாரத்தில் நாற்பது பேருக்கு மேஜை. வெள்ளைக் கோட்டு, சிவப்புக் கச்சையோடு பரிமாறும் பேரர்கள். தட்டை வலது பக்கம் எடு, கீழே விழுந்த நாப்கினை மறுபடி மேஜைக்குக் கொண்டுவராதே, வந்தவர் யாரானாலும் புதிதாக ஒன்று கொடு என்று ஒரு வாரம் பழக்கியிருந்தேன். ரேஷன் காலத்தில் அரிசிக்குப் பட்ட பாடு வேறு கதை.

மலையிலிருந்து இறங்கிவந்த கூட்டத்திலிருந்து "நைனா!" என்று ஒரு குரல். நாகம்மா. ஈரத்தலை, நெற்றி நிறைய விபூதி, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத முகம். என் தலைப்பாகையில் மயிலைப் பார்த்ததும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"மேல எல்லா மண்டபமும் சுத்திப் பாத்துட்டேன் நைனா. அந்தத் துணிங்கள எங்க கட்டிகீறாங்க?"

என் பின்னால் ஒரு பெரிய மனிதர் உதட்டு நெய்யைத் துடைத்து நாப்கினை நாற்காலிக்குக் கீழே போட்டார். அவள் பார்த்தாள். மேஜை மேஜையாகப் பார்த்தாள். ஒருவர் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஒருவர் சிந்திய ரசத்தை.

பேரர் மஸ்தான், திருத்தணிக்காரன், நல்ல பிள்ளை, அவளையும் விருந்தாளி என்று நினைத்துவிட்டான். நான் சொல்லிக்கொடுத்தபடியே புது நாப்கின் ஒன்றைத் தட்டில் வைத்து, குனிந்து, "எடுத்துக்கங்கம்மா" என்று நீட்டினான்.

அவள் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஒண்ணாவது போவட்டும் நைனா" என்று மட்டும் சொன்னாள். திரும்பி, அந்த வெயிலில், மறுபடி படியேறப் போனாள்.

பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். உள்ளேயிருந்து முதலாளி மணியடித்தார். பாயசத்துக்கு நேரம். நான் பாயசத்துக்குப் போனேன்.

விருந்தாளிகள் நாப்கினை மெச்சினார்களாம். "இன்னும் பன்னிரண்டு டஜன். அதே கை, அதே மயில்" என்று முதலாளி என்னைத் திரும்ப அனுப்பினார். மூன்றாம் பயணம் அதுதான். அன்றைக்கும் பஸ் மேட்டில் நின்றது. வயசைச் சொல்லாமல் இறங்கித் தள்ளினேன்.

வாசலில் நின்றேன். தறிச் சத்தம் நின்றது.

"யாரு?"

"ஓட்டல்காரன்மா."

"ஏன் நைனா, பெரிய முதலாளி மயிலேறி வரலியா?"

தலையைத் தொங்கப்போட்டு, "தப்பும்மா" என்றேன்.

"ஓட்டலுக்குன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா பூ போட்டுக் கொடுத்திருப்பேனே" என்றாள். "ஓட்டலுக்கு நெய்யறது என்னா கேவலமா? வவுத்துக்குத்தான் எல்லாம். துடைக்கிறவங்களுக்கும் பாவமில்ல."

"பூவே போடும்மா" என்றேன்.

அடுத்த வாரம் மூட்டை பட்டணத்துக்கு வருகிறது. அதை முதலாளி முன்னால் பிரித்து, மயில் எங்கே என்று அவர் கேட்கும்போது நான்தான் நிற்க வேண்டும். தலைப்பாகை தலையில் நிற்குமோ, தெரியாது.

போகிறவர்களுக்கு: கிருத்திகை நாளைத் தவிர்த்தால் ஜட்கா மலிவு, கூட்டமும் குறைவு. மலைப்படி பற்றி என்னைக் கேட்காதீர்கள். மூன்று தரம் போயும் ஏற எனக்கு முகமில்லை. பொதட்டூர்பேட்டையில் துணி நெய்யச் சொல்கிறவர்கள் செருப்பை வாசலிலேயே விடுங்கள். "யாருக்கு?" என்று கேட்பார்கள். யாருக்கோ அவர் பேரை நேராகச் சொல்லுங்கள். அதைக் கேட்டுக்கொண்டுதான் அவர்கள் நூலைத் தொடுகிறார்கள்.