செத்தவரின் பெயர்

எழுபதுகளில் மெல்பேர்ன் கார் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நின்று கதவு பொருத்தியவர் அமெரிக்காவிலிருந்து வந்த அப்பாச்சி இனத்தவர். அகன்ற முகம், பின்னால் கட்டிய நரைமுடி. வெள்ளையரை எதிர்த்து மலைகளில் போராடிய பேர்போன தலைவரின் பேரன் அவர் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றுமுதல் அந்தத் தலைவரின் பெயராலேயே அவரைக் கூப்பிட்டேன். வெள்ளைக்கார ஃபோர்மனுக்குக் கேட்கட்டும் என்றே கத்துவேன். அவர் ஒவ்வொரு முறையும் கையுறையைக் கழற்றி உதறிவிட்டுக் குனிந்துகொள்வார். கூச்சம் என்று நினைத்தேன், மடையன்.

ஒருநாள் தேநீர் இடைவேளையில் தன் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

"எங்கட ஆக்கள் செத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டினம். கூப்பிட்டா அவருக்கு நிம்மதி இல்லை. அந்த மனுசன் கைதியாவே செத்தவர். இனியாவது விடும், ஐசே."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே?" என்று அவர்மேலேயே பாய்ந்தேன்.

"நீர் நல்ல சந்தோசமாக் கத்தினீர்," என்றார்.

மன்னிப்புக் கேட்க மனம் வர எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அதற்குள் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். விலாசம் கேட்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் அவருடைய பெயரைக் கேட்டாள். எனக்குத் தெரிந்தது அந்தத் தலைவரின் பெயர் மட்டும்தான். முதல் தடவையாக அதைச் சொல்லாமல் திரும்பி வந்தேன்.