திராட்சை கொண்டுபோன சனிக்கிழமை

“…அந்தச் சின்னப் புத்தகம் கையில் இல்லாவிட்டால், தங்கள் சொந்த நாட்டிலேயே அவர்களால் அடுத்த ஊருக்குப் போக முடியாது. பொலிஸ் மறித்தால் அதைக் காட்ட வேண்டும். இதையும் அம்மாவுக்குச் சொல்லு,” என்றார் தொப்பி அன்ரி.

சொன்னேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஜெர்மனிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆனாலும் எங்கள் அகதி விடுதியில் யாருக்காவது டொச் மொழி பேச ஆள் தேவைப்பட்டால் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்பார்கள். பெரியவர்களின் மூலவியாதி முதற்கொண்டு எல்லாம் என் வாயால்தான் டொக்டருக்குப் போய்ச் சேர்ந்தது.

தொப்பி அன்ரி ஓய்வுபெற்ற ஆசிரியை. எந்நேரமும் ஒரு கம்பளித் தொப்பி போட்டிருப்பார் என்பதால் விடுதியில் இருந்த எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அது. சனிக்கிழமைகளில் சூப்பர்மார்க்கெட் வாசலில் மடக்கு மேசை போட்டு, இன்னும் இரண்டு தேவாலயப் பெண்களோடு நிற்பார். மேசையின் முன்னால் தொங்கிய பெரிய அட்டையில் தோடம்பழம், அப்பிள், திராட்சை எல்லாம் கடித்துத் தின்னலாம்போல வரைந்திருக்கும். கீழே எழுதியிருந்ததை நாங்கள் ஒருநாளும் வாசித்ததில்லை. படம் இருக்கும்போது எழுத்து எதற்கு?

அம்மாவுக்கு அந்த அன்ரியிடம் ஒரு கடிதம் வேண்டியிருந்தது. சின்னம்மா பிராங்பேர்ட்டில் இன்னொரு விடுதியில், நிறைமாத வயிற்றோடு தனியாக இருந்தார். சின்னம்மாவின் கணவர் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்துக் கிடந்தார். தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டின் பொறுப்பு. தாய் இல்லாத இடத்தில் தமக்கைதான் தாய். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குத்தூளை அம்மா வறுத்து இடித்து, ஒரு கோப்பிப் போத்தலில் அடைத்து ஆயத்தமாக வைத்திருந்தார். ஆனால் அம்மாவின் அவுஸ்வைஸில், அதாவது அடையாளத் தாளில், ஒரு வரி இருந்தது: இந்த மாவட்டத்தை விட்டு வெளியேற அனுமதியில்லை. வெளிநாட்டவர் விவகாரக் கந்தோரில் இரண்டு முறை அனுமதி கேட்டாயிற்று. தங்கச்சிக்குப் பிள்ளை பிறப்பது அவசரமான காரணம் அல்ல என்று அங்கிருந்தவர் இரண்டு முறையும் தலையாட்டிவிட்டார்.

“நாப்பது நிமிசம். யாழ்ப்பாணத்திலையிருந்து பருத்தித்துறைக்குப் போற தூரம். ரெயின் ஏறிப் போட்டு வந்திடுறன்,” என்றார் அம்மா.

“பிடிச்சாங்களெண்டால் எங்கடை கேஸே முடிஞ்சுது,” என்றார் அப்பா. “பிள்ளை பெறப்போறது அவள். நீ ஏன் இஞ்சையிருந்து முக்கிறாய்?”

அதன் பிறகுதான் அன்ரியிடம் கடிதம் கேட்கும் யோசனை வந்தது. வெறுங்கையோடு போய் நின்று உதவி கேட்பதெப்படி? அட்டையில் இவ்வளவு ஆசையாகப் பழம் வரைந்து வைத்திருக்கிற மனுசிக்குப் பழத்தைவிட வேறென்ன பிடிக்கும் என்று அம்மா முடிவுகட்டினார். அதே சூப்பர்மார்க்கெட்டில், மாசி மாதக் குளிரில், இருந்ததிலேயே பெரிய கறுப்புத் திராட்சைப் பெட்டியாகப் பொறுக்கி வாங்கி, சிரித்த முகத்தோடு கொண்டுபோய் அன்ரியின் மேசையில், துண்டுப்பிரசுரங்களுக்கு மேலே வைத்தார்.

மற்ற இரண்டு பெண்களும் பெட்டிக்குள் பாம்பு கிடப்பதுபோலப் பின்வாங்கினார்கள். அன்ரி பெட்டியைத் திருப்பி, ஒட்டியிருந்த நாட்டின் பெயரைப் பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு அடக்க மாட்டாமல் சிரித்தார். தென்னாபிரிக்காவிலிருந்து வரும் பழத்தை வாங்காதீர்கள் என்றுதான் அவர்கள் கிழமைதோறும் குளிரில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. “கடவுளே, ஏனாம் வாங்கக் கூடாது? கேள், கேள்,” என்று என் தோளில் இடித்தார். அன்ரி ஆறுதலாகச் சொல்லத் தொடங்கினார். வெள்ளைக்காரர் குந்த ஒரு வாங்கு, கறுப்பர் குந்த வேறு வாங்கு. நல்ல நிலமெல்லாம் அவர்களுக்கு, மிச்சம் இவர்களுக்கு. எதிர்த்துக் கேட்டவர்களைப் பிடித்து மறியலில் அடைத்துவிடுவார்கள். அப்படியே சொல்லிக்கொண்டு வந்துதான் அந்தச் சின்னப் புத்தகத்தில் நின்றார்.

அம்மா கதை கேட்கும் குழந்தைபோல மேசையில் கையூன்றிக்கொண்டார்.

“அந்தப் புத்தகத்திலை படமும் ஒட்டியிருக்குமோ?”

ஓம், படம் இருக்கும்.

“விரல் அடையாளமும் எடுப்பாங்களோ?”

எடுப்பார்கள்.

“அப்ப தமக்கை ஒரு ஊரிலை, தங்கச்சி ஒரு ஊரிலை எண்டால்?”

“அதுதான் கொடுமை,” என்றார் அன்ரி. “அனுமதி இல்லாமல் பார்க்கப் போனால் பிடித்து அடைப்பார்கள்.”

“ஐயோ, பாவங்கள்,” என்றார் அம்மா. மெய்யாகவே கண் கலங்கியது. பிறகு, வந்த வேலை ஞாபகம் வந்தவராகக் கைப்பையைத் திறந்து, பொலித்தீன் உறைக்குள் இருந்த தன் அவுஸ்வைஸை எடுத்து அன்ரியிடம் நீட்டினார். “இதுக்குத்தான் ஒரு கடிதம் வேணும் எண்டு சொல்லு.”

அன்ரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். எங்களுக்குக் குளிர்ச் சட்டைகள் கொண்டுவந்து தந்தவர் அவர். விடுதியில் ஒவ்வொருவரின் பெயரும் அவருக்குத் தெரியும். இந்த வரியை மட்டும் அதுவரை பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். இரண்டாம் முறையும் வாசித்துவிட்டு, “இது வேறு விஷயம்,” என்றார் மெதுவாக.

நான் சொன்னதும் அம்மா உடனே தலையாட்டினார். “வேறைதானே. அது அவையின்ரை சொந்த நாடு. இது எங்கடை நாடில்லையே. எங்களை இருக்க விட்டதே பெரிய காரியம் எண்டு சொல்லு.”

அதையும் சொன்னேன். தாளை உறைக்குள் திருப்பிப் போட அன்ரிக்கு நெடுநேரம் எடுத்தது.

கடிதத்தை அவரே எழுதி, திங்கட்கிழமை அவரே கந்தோருக்குக் கொண்டுபோனார். யோசித்துச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. அவர்கள் யோசித்துக்கொண்டிருக்க, புதன்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வந்த நேரம் விடுதியின் ஒரே தொலைபேசி அடித்தது. சின்னம்மாவுக்கு நோவு கண்டு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அம்மா என்னை அன்ரியின் வீட்டுக்கு ஓடவைத்தார். நான் மூச்சு வாங்கிச் சொல்லி முடிக்கவும் அவர் கார்ச் சாவியை எடுத்துவிட்டார்.

விடுதி வாசலில் அப்பா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பொலிஸ் மறிச்சால் என்ன செய்யிறதாம்? கேள்.”

கேட்டேன். “எனக்குத் தெரியாது என்று சொல்லு,” என்றார் அன்ரி. அம்மாவைப் பின் சீட்டில் இருத்தி, தலையில் ஒரு சால்வையைப் போர்த்தி, கண்ணாடி வழியே தெரியாதபடி சரிந்து இருக்கச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் என்ற தகுதியில் எனக்கும் அம்மாவின் பக்கத்தில் இடம் கிடைத்தது.

நாங்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்று பிறந்தவள் என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டாள். ஆனால் என் மனதில் நிற்பது ஆசுபத்திரி அல்ல, வழியில் பார்த்ததுதான்.

அன்ரி நிமிடத்துக்கு ஒருதடவை பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ஆளில்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற மனுசி அவர். அவருடைய நாடு, அவருடைய கார். அவரை யார் என்ன கேட்கப் போகிறார்கள்? பயப்பட வேண்டிய அம்மாவோ, மடியிலிருந்த சரக்குத்தூள் போத்தலின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, அன்ரி ஏன் திரும்பத் திரும்பக் கண்ணாடி பாக்கிறா?”

“தொப்பி சரியா இருக்கோ எண்டாக்கும். பேசாமல் இரு.”

வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், மாவட்ட எல்லையைச் சொல்லும் சின்னப் பலகை ஒன்று தெரிந்தது. அதற்குச் சற்று முன்னால் அன்ரி காரை ஓரமாக நிறுத்தினார். வழி தவறிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். இறங்கி, பலகையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் காற்றில் நின்றார். பிறகு வந்து பின் கதவைத் திறந்து, அம்மாவின் தலையிலிருந்த சால்வையை எடுத்துவிட்டு, வெளியே வரும்படி கை நீட்டினார்.

அவசரமான நேரத்தில் நடுவழியில் எதற்கு இடம் மாறுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பின் சீட்டு முழுவதும் எனக்கே கிடைத்த சந்தோஷத்தில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டேன். அன்ரி அம்மாவை முன் சீட்டில், தன் பக்கத்தில், நிமிர்த்தி இருத்தி, சீட் பெல்ட்டையும் தானே இழுத்து மாட்டிவிட்டுக் காரை எடுத்தார்.