பாதியில் நின்ற திட்டு

இன்றைக்கு அவள் படகுத்துறை மேடையில் நின்று வாயைத் திறந்தால் நடு ஆற்றில் இருக்கும் படகெல்லாம் கரைக்குத் திரும்புகிறது. அவளுடைய பட்டப்பெயர் ‘முணுமுணுப்பு’ என்று சொன்னால் புதிதாக வந்தவர்கள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். பதினாறு வயது வரை அந்தப் பெண் தரையைப் பார்த்துத்தான் பேசுவாள். பேசுவது அவள் கால் கட்டைவிரலுக்கே கேட்காது.

அந்தத் துறையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அங்கே பனிமூட்டம் இறங்கிவிட்டால் துடுப்புப் போடுகிறவனுக்குத் தன் துடுப்பே தெரியாது. ஆனால் அந்த ஊர்ப் படகுகளுக்குக் காது உண்டு. கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், தானாகவே திரும்பி வந்துவிடும். கூப்பிடுகிற குரலில் மட்டும் துளி நடுக்கம் இருக்கக் கூடாது. இருந்தால் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால்தான் துறைக்கு ஓர் அழைப்புக்காரி வேண்டும். முணுமுணுப்பின் அம்மா இருபது வருஷமாக அந்த வேலையில் இருந்தாள்.

துறையில் படகைக் கூப்பிட்ட அதே குரல்தான் வீட்டில் மகளைத் திட்டியது. அம்மாவுக்கு ஒரு குணம். ஆரம்பித்த திட்டைப் பாதியில் விடமாட்டாள். வெளி ஆள் முன்னால் மகளைத் திட்டவும் மாட்டாள். ஒருநாள் திட்டிக்கொண்டிருக்கும்போதே வரி கேட்க ஆள் வந்துவிட்டார். அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, “அதனாலதான் ஜன்னலைச் சாத்துன்னு சொன்னேன்” என்று விட்ட இடத்திலிருந்து முடித்தாள். மகள் பதிலெல்லாம் தலையணைக்குள் முணுமுணுப்பாள். தலையணை பாவம், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது.

ஆற்றோரமாக ஒருநாள் நடை தூரத்தில் ஒரு மலை உண்டு. கடைசி வார்த்தை தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிற மலை. நீங்கள் என்ன கத்தினாலும் திருப்பிக் கத்தும். ‘மலைக்கு வாயைக் கொடுக்காதே’ என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனுடன் சண்டை போட்டு முதலில் களைத்தவர்கள் குரலை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டியதுதான். அம்மாவுக்கும் இது தெரியும். ஆனால் ஒரு பனிநாளில் அவள் அழைப்பை மலை அப்படியே திருப்பிச் சொல்ல, அவள் கணவரின் படகு அதைக் கேட்டுப் பாறைப் பக்கம் போய்ப் பலகை உடைந்துவிட்டது. அவர் நீந்திக் கரை சேர்ந்தார். மறுநாளே அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மலைக்குப் போனாள். அடுத்த நாள் காலையிலிருந்து பொழுது சாயும் வரை சண்டை. வீடு திரும்பி வாயைத் திறந்தாள், வெறும் காற்றுத்தான் வந்தது.

துறை மேலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். “பனிக்காலத்துக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. அதுக்குள்ள அழைப்புக்காரி இல்லேன்னா துறையை மூடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. நான் என்னம்மா பண்ணட்டும்?”

மகளைக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தார்கள். மேடையில் ஏறி, பழுது பார்த்து விட்டிருந்த அப்பாவின் படகைக் கூப்பிட்டாள். படகு மெதுவாகச் சுற்றி, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றது. மேலாளர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அதையாவது தாங்கிக்கொண்டாள். அன்று மாலை வழக்கம்போல ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டாள். அம்மா பார்த்தாள். விரலை நீட்டினாள், வாயைத் திறந்தாள். பிறகு விரலை மடக்கிக்கொண்டு தானே போய்த் துண்டை எடுத்துக் கொடியில் போட்டாள். முணுமுணுப்புக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. திட்டு வாங்காமல் அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

விடிந்ததும் அப்பாவிடம் போய் நின்றாள். “அப்பா, நான் மலைக்குப் போறேன்.”

“என்னது? கொஞ்சம் சத்தமா சொல்லு.”

“அம்மா குரலைக் கொண்டுவர மலைக்குப் போறேன்!”

“உங்கம்மாவையே முழுங்கின மலைடி அது. உன் குரலும் போயிட்டா வீட்ல நான் யாரோட பேசறது?”

“என் குரல் இருந்து மட்டும் என்னப்பா பிரயோஜனம்?”

அப்பா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் தோளில் போட்டு, தெருமுனை வரை கூடவே வந்தார்.

மறுநாள் காலையில் மலையடிவாரம். ஓடையில் முகம் கழுவித் துடைத்துக்கொண்டு, செங்குத்தான பாறைக்கு எதிரே நின்றாள். முதலில் பழக்கதோஷத்தில் முணுமுணுத்தாள். மலை கண்டுகொள்ளவே இல்லை. மூச்சை இழுத்து, பிறந்ததிலிருந்து கத்தாத கத்தாகக் கத்தினாள்.

“எங்கம்மா குரலைக் குடு!”

“குரலைக் குடு... குடு... குடு...” என்றது மலை.

சரிதான், அது அவளிடமே கேட்கிறது! மறுபடி கத்தினாள். மறுபடியும் அதே பதில். நான்காவது தடவை தொண்டைக்குள்ளிருந்து யாரோ நூலைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. குரல் கரகரத்தது. பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உட்காரும்போது கை தன்பாட்டுக்கு ஈரத் துண்டைப் பக்கத்துக் கல்லின்மேல் விசிறிப் போட்டது.

துண்டையே பார்த்தாள். சட்டென்று எழுந்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அம்மா மாதிரியே தலையைச் சாய்த்துக் கத்தினாள்:

“ஈரத் துண்டைக் கண்ட இடத்துல போடாதேன்னு எத்தனை தடவைதான் உனக்கு—”

அவ்வளவுதான். வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

“தடவைதான் உனக்கு... உனக்கு... உனக்கு...” என்று இழுத்துவிட்டு மலையும் நின்றது. வேறென்ன செய்யும்? அதற்குச் சொந்தமாக ஒரு சொல் கிடையாது.

அமைதி.  ஒரு திட்டு பாதியில் நின்றுகொண்டிருக்கிறது, முடிக்க ஆளில்லை. பாறை இடுக்கில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“—உனக்குச் சொல்றது? கட்டில் நனைஞ்சா அதுல படுக்கறது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?”

அம்மாவின் குரல்! பொறுக்க முடியாமல் இடுக்கை விட்டு வெளியே வந்து, அவள் காதருகில் நின்று திட்டியது. காதோடு திட்டியது எட்டாததால் இந்தத் தடவை மலையால் ஒன்றும் திருப்பிச் சொல்ல முடியவில்லை. அவள் சிரித்தாள், அழுதாள், துண்டை எடுத்து முகத்தில் அப்பிக்கொண்டாள்.

ஆனால் திட்டு முடிந்ததும் குரல் மெல்ல இடுக்கின் பக்கம் திரும்பியது. விடுவாளா? சட்டென்று இடது செருப்பை வலது காலில் மாட்டினாள். “கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?” என்று குரல் அவள் பின்னால் வந்தது. சேற்றில் இறங்கி நடந்தாள். பழத்தைக் கழுவாமல் கடித்தாள். தலையை விரித்துப் போட்டாள். ஒரு நல்ல பெண் பத்து வருஷத்தில் செய்கிற தப்பையெல்லாம் ஒரே நாளில் செய்து முடித்தாள். குரலும் ஒன்று விடாமல் திட்டிக்கொண்டே வந்தது. பாதி வழியில் அவளுக்கே ரோஷம் வந்துவிட்டது.

“ஆமா, எல்லாத்துக்கும் நான்தான் கிடைச்சேனா? நீ மட்டும் மலையோட சண்டைக்குப் போகலாமா?”

முணுமுணுக்கவில்லை, சத்தமாகவே கேட்டாள்.  குரல் இரண்டு மடங்காகத் திட்டியது. அவளும் விடவில்லை. வழி முழுக்க அம்மா குரலும் மகளும் மல்லுக்கு நின்றபடி ஊர் வந்து சேர்ந்தார்கள்.

ஊரில் பனி முன்கூட்டியே இறங்கியிருந்தது. துறை முழுக்க வெள்ளை. மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டு அலைந்தார். “ஆறு படகும் ஆத்துல மாட்டிக்கிச்சே!” அப்பாவின் படகும் அதில் ஒன்று. மேடையில் அம்மா வெறும் வாயைத் திறந்து திறந்து மூடியபடி ஒரு தட்டைத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுச் சத்தத்துக்கு எந்தப் படகு வரும்?

மகள் மேடைக்கு ஓடினாள். ஆனால் கூட்டத்தைப் பார்த்ததும் குரல் கப்சிப் ஆகிவிட்டது. வெளி ஆள் முன்னால்தான் அது மகளைத் திட்டாதே! மாற்றிப் போட்ட செருப்பைக் காட்டினாள், சேற்றுக் காலைக் காட்டினாள். ம்ஹூம். காதருகில் இருந்த குரல் தயங்கித் தயங்கி விலகத் தொடங்கியது.

 அவளுக்கு ஒன்று தோன்றியது. மகளைத் திட்டத்தானே ஊர் தடை? வேலையில் தப்பு நடந்தால் அம்மா யார் இருந்தாலும் பார்க்கமாட்டாள். துறையின் வாய் குறுகலானது, சின்னப் படகுகள் உள்ளே வந்த பிறகுதான் சரக்குப் படகு வர வேண்டும். அவள் ஆற்றைப் பார்த்துத் திரும்பி, வேண்டுமென்றே சரக்குப் படகின் பெயரை முதலில் எடுத்தாள்.

அம்மா தட்டைக் கீழே போட்டாள். வாய் தானாகத் திறந்தது, குரல் பாய்ந்து உள்ளே போயிற்று.

“அடியே! சரக்குப் படகை முதல்ல விட்டா வழி அடைச்சுக்குமேடி!”

துறையே அதிர்ந்தது. மேலாளர் துள்ளிக் குதித்தே விட்டார். அம்மா தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அழ நேரமில்லை. ஒவ்வொரு பெயராக வரிசையில் கூப்பிட்டாள். நான்கு சின்னப் படகுகள் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தன. சரக்குப் படகுக்கு முன்னால் வர வேண்டியதில் பாக்கி ஒன்றுதான். அம்மா நிறுத்திவிட்டாள்.

“என்னடி பாத்துட்டு நிக்கற? உங்கப்பா படகை நீ கூப்பிடு.”

“அன்னிக்கு முதுகைக் காட்டுச்சேம்மா. நீயே கூப்பிடு.”

“வழியெல்லாம் என்னையே எதிர்த்துப் பேசினவதானே? கூப்பிடுடி.”

கூப்பிட்டாள். குரலில் நடுக்கம் மருந்துக்கும் இல்லை. வெள்ளைக்குள்ளிருந்து முதலில் தண்ணீர்ச் சத்தம், அப்புறம் படகின் மூக்கு, அப்புறம் அப்பாவின் முகம். “நான் துடுப்பே போடலை! தானா திரும்பிடுச்சு. யாரு கூப்பிட்டது?” என்று கத்தினார். துறை முழுக்க அவளைக் கைகாட்டியது. அம்மா கூப்பிட, பின்னாலேயே சரக்குப் படகும் வந்து ஒதுங்கியது. மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை இருமவில்லை.

அம்மா மகளை மேலும் கீழும் பார்த்தாள். சேற்றுக் கால், விரிந்த தலை, மாறின செருப்பு. ஊர் இருக்கிறது என்பதையும் மறந்துவிட்டாள்.

“இந்தக் கோலத்துல ஊர் முன்னால வந்து நிக்காதேன்னு எத்தனை தடவைதான் உனக்கு—”

அங்கேயே நின்றுவிட்டாள். கை மகளின் விரிந்த தலையைக் கோதியது. அம்மா திட்டைப் பாதியில் விட்டு யாரும் பார்த்ததில்லை.

“—உனக்குச் சொல்றது! அதானேம்மா?” என்று மகளே முடித்துவைத்தாள். அக்கரையில் இருந்தவர்களுக்கும் கேட்டதாம்.