போன் அடிக்காத ஞாயிறு

எங்கள் டீமில் மதுராந்தகத்துப் பையன் ஒருவன் இருந்தான். கிளவுடில் ஓடும் எங்கள் சர்வர்களின் ஐடியைப் பார்த்த மாத்திரத்தில் படித்துச் சொல்லிவிடுவான். அந்த ஐடி கூட்ஸ் வண்டி நீளத்துக்கு இருக்கும். எந்த சேவை, எந்த ஊர், யார் அக்கவுண்ட், என்ன பெயர் என்று எல்லாவற்றையும் நடுநடுவே இரட்டைப் புள்ளிக் கோலன் போட்டுக் கோத்திருப்பார்கள். தப்பாகப் படித்து ஸ்கிரிப்டை ஓட்டினால் சோதனை சர்வருக்குப் போக வேண்டியது வாடிக்கையாளரின் சர்வர் தலையில் விழும். அதனால் ஆளாளுக்கு அவனைக் கூப்பிட்டார்கள். லீவிலும் விடமாட்டார்கள்.

ஒருநாள் என் மேசைக்கு வந்து நின்றான்.

"அக்கா, ஞாயித்துக்கெழம மாமல்லபுரத்துல பொண்ணு பாக்கப் போறோம். அன்னிக்குன்னு பாத்து நம்ம புது வெர்ஷன் ரிலீஸ் கீது. போன தடவ பொண்ணு வூட்ல போன் அடிச்சிகினே இருந்துச்சி. எழுந்து எழுந்து வெளிய போனதுல பொண்ணு மூஞ்சியக்கூட சரியா பாக்கல. அந்த எடம் தட்டிப்போச்சு. இந்தப் பொண்ண போட்டோல பாத்தேன், ரொம்பப் புடிச்சிக்கீது."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இத்தனை பேர் சம்பளம் வாங்குகிறோம், ஒரு ஐடியைப் படிக்க ஒருத்தன் கல்யாணத்தையா கெடுப்பது? அன்று மாலையே எங்கள் அணுபுரம் குவார்ட்டர்ஸ் வீட்டில், அடுப்பில் குக்கர் விசிலடிக்க, உட்கார்ந்து ஒரு டூல் எழுதினேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. கருப்புத் திரையில் ஒரு கட்டளை. ஐடியை ஒட்டினால் கோலனுக்குக் கோலன் வெட்டி, ஊர் இது, அக்கவுண்ட் இது என்று வரிவரியாகச் சொல்லும். வாடிக்கையாளருடையது என்றால் சிவப்பில் காட்டும்.

மறுநாள் அவனிடம் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கவுண்ட் நம்பரு எப்பக்கா ஊராச்சு?"

சில ஐடிகளில் ஊரே இருக்காது, இரண்டு கோலன் ஒட்டி நிற்கும். என் டூல் அந்தக் காலி இடத்தைத் தாண்டிக் குதித்து, அடுத்ததை ஊராக்கியிருந்தது. முகம் சிவக்கத் திருத்தினேன்.

ஞாயிறு வந்தது. எல்லோரும் டூலை ஓட்டினார்கள். ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை. மதியம் நெருங்கும்போது அவனே என்னைக் கூப்பிட்டான். பின்னால் உளிச் சத்தம்.

"அக்கா, எனுக்கு ஒரு போன் போடேன்," என்று கிசுகிசுத்தான்.

"எதுக்குடா?"

"பொண்ணோட அப்பா சிற்பப் பட்டறை வெச்சிக்கீறாரு. அவரு தொழில்ல போன் அடிச்சாத்தான் ஆர்டர் வரும். 'வந்ததுலேந்து ஒரு போனும் வர்லியே, வேலை கீதா தம்பி?'ன்னு கேக்குறாரு. எங்க வூட்ல வேற, நான் இல்லாம ஆபீஸே நடக்காதுன்னு அள்ளி வுட்டுட்டாங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தான். கைக்குக் கிடைத்த ஐடியைப் படித்தேன்.

"மும்பை! கஸ்டமர் அக்கவுண்ட்! யாரும் கை வெக்காதீங்க!" என்று முழங்கினான். ஒரு பெரியவர் திருப்தியாகத் தொண்டையைச் செருமியது கேட்டது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது ஒரு பெண்குரல் கேட்டது. "ஞாயித்துக்கெழம கூட இப்படித்தான் வருமா?"

அப்பாவுக்கு அடிக்கிற போன் வேண்டும். மகளுக்கு அது வேண்டாம். இது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அவன் குரல் சட்டென்று இறங்கியது. "வந்துகினு இருந்துச்சிங்க. இப்ப அக்கா ஒரு டூல் எழுதிட்டாங்க. காத்தாலேந்து ஒண்ணும் வர்ல. இதுகூட நானா போடச் சொன்னதுதான்," என்றான்.

பாவி, உண்மையைக் கொட்டிவிட்டானே என்று பதறினேன். உளி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. முதலில் சிரித்தது அந்தப் பெண்தான். அப்புறம் வீடே சிரித்தது.

"அக்கா, லைன்லதான கீறீங்க?" என்று அவள் கேட்டாள்.

"ஆமாம்மா."

"அப்ப போன வெச்சிடுங்கக்கா. நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் பேசணும்."