மூக்கு பார்த்த திசை

அவரை எல்லோரும் அவசரம் என்றுதான் கூப்பிடுவார்கள். எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில் ஏதாவது ஒரு பாகம் உடைந்துவிட்டால், மாற்றுப் பாகம் வந்து சேரும்வரை அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பெரிய லாரிக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் ஆகாது. சொந்த வண்டியோடு, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும் ஆள் வேண்டும். அவசரம் அப்படிப்பட்ட ஆள். ஒரு பிக்கப் வண்டி, அதன் பின்னால் கோத்த டிரெய்லர், இவ்வளவுதான் அவருடைய கம்பெனி. முதலாளி, டிரைவர், கிளீனர் எல்லாம் அவரே. போன் எடுக்கும் வேலை மட்டும் மனைவிக்கு. அடுப்பு மேடையில் போனைச் சாத்தி வைத்துக்கொண்டு, கையில் கரண்டியோடு, "ஆமாங்க, இதோ கிளம்பிட்டாருங்க" என்பாள். அவர் அப்போது தலையில் சோப்பு நுரையோடு குளியலறையில் இருப்பார்.

போவதும் வருவதும் ஒரே சாலை. இரண்டு பக்கமும் பொட்டல், ஓரத்தில் மின்கம்பங்கள், பாதி வழியில் ஒரு டீக்கடை, வேறொன்றும் கிடையாது. அதனால் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வழியில் கண் அசர வேண்டி வந்தால், போக வேண்டிய பக்கம் வண்டியின் மூக்கைத் திருப்பி நிறுத்திவிட்டுத்தான் சாய்வார். எழுந்ததும் யோசிக்காமல் சாவியைத் திருகலாம். மூக்கு பார்த்த திசையில் போனால் போதும்.

அந்த வாரம் கிணற்றடியில் பம்பு படுத்துவிட்டது. குழிக்குள் சேற்றுநீரை அழுத்தித் தள்ளும் பம்பு அது. அதற்குள் இருக்கும் கனத்த இரும்புக் கட்டைகள் மூன்றும் வெடிப்பு விட்டிருந்தன. நகரத்துப் பட்டறையிலிருந்து நல்ல கட்டை ஒன்றை ஏற்றிக்கொண்டு போய் இறக்க வேண்டும். வெடித்த கட்டையை ஏற்றிக்கொண்டு பட்டறைக்குத் திரும்ப வேண்டும். அடுத்த கட்டை தயாரானதும் மறுபடியும் ஓட வேண்டும். நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே மாதிரி மரப்பெட்டி, ஒரே கனம், மூடியில் ஒரே மாதிரி ஈய முத்திரை. முத்திரை உடைந்த பெட்டியை இரண்டு இடத்திலும் கையால்கூடத் தொட மாட்டார்கள்.

போன மாதம் டயர் வெடித்துத் தாமதமானபோதே பம்பு மெக்கானிக் கறாராகச் சொல்லியிருந்தார்: "இன்னொரு தடவை சொதப்பினா உன் நம்பரையே அழிச்சிடுவேன்." அந்தக் கிணற்றடியை விட்டால் அவசரத்துக்கு நிலையாகக் கூப்பிடும் இடம் வேறு இல்லை.

சரியான தூக்கம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தவர், பாதி வழியில் இருக்கும் டீக்கடைத் தகரக் கொட்டகையில் வண்டியை நிறுத்திக் கண்ணை மூடினார். எழுந்தபோது வெயில் சுள்ளென்று அடித்தது. மூக்கு நகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏற்றியிருப்பது வெடித்த கட்டை போலிருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

கொஞ்ச தூரம் போயிருப்பார். மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, மெக்கானிக் போன் பண்ணாரு. கட்டை எப்ப வரும்னு கேக்கறாரு."

"எந்தக் கட்டை?"

"அவரு கட்டைன்னாரு. நான் என்ன, அதுக்குப் பேரா வச்சிருக்கேன்?"

"காலையில கொண்டுபோய் இறக்கிட்டனே. அடுத்ததைக் கேக்கறாரா?"

"இறக்கிட்டீங்களா? எனக்குச் சொல்லவே இல்லையே."

அவர் வண்டியை ஓரம் கட்டினார். இறக்கினோமா? கிரேன் கொக்கி பெட்டியைத் தூக்கியது ஞாபகம் இருந்தது. மெக்கானிக் எண்ணெய்க் கையால் நெற்றியைத் துடைத்ததும் ஞாபகம் இருந்தது. ஆனால் அது இன்றைக்கா, நேற்றைக்கா? எல்லா நாளும் அதே கொக்கி, அதே நெற்றி. போனில் வரைபடத்தைத் திறந்தார். அவர் இருக்கும் இடத்தில் ஒரு நீலப் புள்ளி மினுங்கியது. எங்கே போக வேண்டும் என்று அது அவரையே கேட்டது.

டீக்கடைக்குத் திரும்பி ஓட்டினார்.

"அக்கா, நான் எந்தப் பக்கத்துலருந்து வந்தேன்?"

கடைக்காரம்மா டீயை ஆற்றுவதை நிறுத்தவில்லை. "என்னண்ணே, பணம் கொடுக்காமப் போனவங்க கேக்கற கேள்வி மாதிரி இருக்கு."

"நிசமாத்தான் கேக்கறேன்."

"நீங்கதான் ரெண்டு பக்கமும் போறீங்க, ரெண்டு பக்கமும் வர்றீங்க. நான் எதைன்னு பாக்கறது? தண்ணி லாரி வந்துச்சு, வண்டியைக் கொஞ்சம் எடுங்கன்னு கண்ணாடியைத் தட்டினேன். எழுந்து, ஒரு சுத்து சுத்தி, திருப்பி வச்சிட்டு மறுபடி குறட்டை விட்டீங்க."

"திருப்பியா வச்சேன்? மூக்கு முதல்ல எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"நான் பாலைப் பாப்பேனா, உங்க வண்டி மூக்கைப் பாப்பேனா?"

தண்ணீர் லாரி வந்ததே அவருக்கு நினைவில்லை. டிரெய்லரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துப் பார்த்தார். அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. கெட்டதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனால் ஊரே சிரிக்கும். நல்லதைப் பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுபோனால் பம்பு இன்னொரு நாள் நிற்கும். இரண்டில் எது நடந்தாலும் நம்பர் அழிந்துவிடும்.

மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னார். மறுமுனையில் கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது.

"சிரிக்கிறியா?"

"இல்லைங்க. சாப்பிட்டீங்களா?"

"அதுவும் தெரியல."

"அந்த மெக்கானிக்கிட்டயே உண்மையைச் சொல்லிடுங்க. நான் சொன்னா மழுப்பற மாதிரி இருக்கும்."

அவசரம் இரண்டு முறை நம்பரை எடுத்து, இரண்டு முறையும் வைத்துவிட்டார். டயர் என்று சொல்லலாம், இன்ஜின் என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் பெட்டிக்குள் இருப்பது மாறாது. மூன்றாம் முறை அழுத்தினார்.

"அண்ணே, திட்டாதீங்க. தூங்கி எழுந்ததுல எனக்கு எல்லாம் கலங்கிப்போச்சு. வண்டியில இருக்கறது நல்லதா கெட்டதான்னு தெரியல. நான் இன்னிக்கு உங்ககிட்ட வந்தேனா?"

மறுமுனையில் இரைச்சல் மட்டும் கேட்டது. வசை வரும் என்று போனைக் காதிலிருந்து சற்று நகர்த்திப் பிடித்தார்.

"இரு," என்றார் மெக்கானிக். யாரையோ கூப்பிட்டுக் கத்தும் சத்தம். பிறகு தாழ்ந்த குரலில், "நானே இப்பத்தான் எழுந்தேன்யா. வந்துச்சுங்கறான் ஒருத்தன், வரலங்கறான் ஒருத்தன். இங்க கிடக்கற பெட்டிங்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. முத்திரையை உடைச்சுப் பாரு."

"உடைச்சா நீங்க வாங்க மாட்டீங்களே."

"நான்தானே உடைக்கச் சொல்றேன்? உடை."

ஸ்பேனரால் நெம்பினார். கடைக்காரம்மாவும் வந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே, எண்ணெய்க் காகிதம் சுற்றிய கட்டை பளபளவென்று கிடந்தது.

"காகிதம் சுத்தியிருக்குண்ணே."

"அப்ப நல்லது. எந்த ஊருக்குய்யா அதைத் தூக்கிட்டுப் போற? இங்க வா!"

கிணற்றடியில் மெக்கானிக் பெட்டியைப் பார்த்தார், உடைந்த முத்திரையைப் பார்த்தார், அவசரத்தையும் ஒரு பார்வை பார்த்தார். திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "இறக்கு," என்றதோடு சரி. நம்பரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அவசரமும் கேட்கவில்லை. வெடித்த கட்டையை ஏற்றிக்கொண்டு, பெட்டியின் மேல் சாக்கட்டியால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுக் கிளம்பினார். வழியெல்லாம் கண்ணாடியில் அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

பட்டறை வாசலை நெருங்கும்போது மனைவியின் போன் வந்தது.

"மெக்கானிக் கூப்பிட்டாருங்க."

அவர் வேகத்தைக் குறைத்தார். "என்ன சொன்னாரு?"

"கடைசிக் கட்டைக்கும் உங்களையே அனுப்பச் சொன்னாரு. வேற ஆளா இருந்தா எதையாவது இறக்கிட்டு ஓடியிருப்பான்னாரு."

"அப்படியா சொன்னாரு?"

"ம். ஆனா, முதல்ல அந்த ஆளை வீட்டுக்குக் கூப்பிட்டுத் தூங்க வைம்மா, கட்டை காத்திருக்கும்னாரு."

கட்டை காத்திருக்கட்டும் என்று ஒரு கிணற்றடி சொல்லி அவர் கேட்டதே இல்லை. பாராட்டா, கிண்டலா, இல்லை வேலையையே தள்ளிப் போடுகிறார்களா என்று ஒன்றும் பிடிபடவில்லை. "நிசமாவா?" என்றார்.

"எனக்கும் புரியல. வந்து படுங்க," என்றாள்.