மண்கல் மேஸ்திரியின் மாதிரி ஆபீசு

மரக்காணத்துக்குத் தெற்கே, உப்பளம் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், பாண்டிச்சேரி ரோட்டோரமாகத் தட்சணாமூர்த்தி மேஸ்திரி ஒரு ஆபீசு கட்டினார். கொத்தனாருக்கு எதற்கு ஆபீசு, கரண்டியும் ரசமட்டமும் வைக்க ஒரு சாக்குப்பை போதாதா என்று ஊர் சிரித்தது. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? அவர் காதிலேயே வாங்கவில்லை.

அதற்கு முன்னால் எட்டு வருடம், பெரிய முதலியார்சாவடிப் பக்கம் வந்து குடியேறிய வெள்ளைக்காரர்களுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். சூளை கிடையாது, விறகு கிடையாது. சலித்த செம்மண்ணில் கொஞ்சம் சிமெண்டைக் கலந்து, இரும்பு மெஷினில் போட்டு, நீளக் கம்பியைப் பிடித்துத் தொங்கி அழுத்தினால் ஒரு மண்கல். நிழலில் காயவைத்தால் வேலை முடிந்தது. வெள்ளைக்காரர்களுக்கு அது பூமியைக் காப்பாற்றும் கொள்கை. மேஸ்திரிக்குக் கொள்கையெல்லாம் தெரியாது. அவருடைய வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மூன்று வயது மகள் சித்திரை முழுக்க வேர்க்குருவைச் சொறிந்துகொண்டு அழுவாள். நம்ம ஜனங்கள் மட்டும் ஏன் இப்படி வேகவேண்டும் என்ற ஒரே கேள்விதான் அவரைப் பிடித்துக்கொண்டது.

அந்த வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டார். மனைவி கலைமதி சண்டை போடவில்லை. "ஒரு வருசம் பாருங்க. ஒரே ஒரு ஊடு நம்ம ஜனங்களுக்குக் கட்டிட்டீங்கன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னா பாய் சொல்ற மாதிரி சார்ஜா போயிடுங்க" என்றாள். பாய் என்றால் ஆபீசுக்கு எதிர்ச் சாரியில் சிமெண்ட் கடை வைத்திருந்த பக்கீர் முஹம்மது. அவர் மகன் ஃபைசல் சார்ஜாவில் இருந்தான். நல்ல கொத்தனாருக்கு விசா ரெடி என்று மாதம் ஒரு கடிதம் போடுவான்.

ஆபீசின் பிளானை மேஸ்திரி காகிதத்தில் போடவில்லை. மணலில் குச்சியால் கோடிழுத்து, நடந்து பார்த்து, அழித்து அழித்துப் போட்டார். உப்பளத்து மண்ணும் ஆகாது, தண்ணீரும் ஆகாது, சுவரில் உப்புப் பூத்துவிடும். ஆகவே வானூர்ப் பக்கத்திலிருந்து செம்மண், பெருமுக்கல் பக்கத்துக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர், இரண்டும் டிராக்டரில் வந்தன. மேல்தளத்தில் சூடு இறங்காமலிருக்க மண்சட்டிகளைக் கவிழ்த்து வைத்து, இடுக்கில் மட்டும் கான்கிரீட் போட்டார். கடல் பார்த்த பக்கம் தாழ ஜன்னல். எதிர்ச் சுவரின் உச்சியில் சூடு வெளியேற ஓட்டைகள். மொட்டை மாடி மழைத்தண்ணீர் குழாய் வழியாக ஒரு தொட்டிக்கு வரும். சீர்க் கட்டிலும் பீரோவும் சாய்க்காமல் நுழையட்டும் என்று வாசலை நாலடி அகலம் வைத்தார். சமைக்கவே போகாத இடத்தில் சமையல் மேடை, சாமி படம் வைக்க மாடம். ஒரு சுவரைப் பாதி பூசி, பாதியைக் கல் தெரிய விட்டார்.

"ஆபீசுன்னு நெனைக்காதீங்க, ஊடுன்னு நெனச்சு உக்காருங்க" என்பார் வருகிறவர்களிடம். அதற்கு முன்னால் பாயின் ஆஸ்பெஸ்டாஸ் கடைக்குள் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பார். சட்டை நனைந்ததும் ரோட்டைத் தாண்டிக் கூட்டிவருவார். பத்து நிமிஷம் யாரும் பேசக்கூடாது. வாசலில் ஒரு தொட்டித் தண்ணீரில் ஒரு மண்கல் கிடக்கும். ஐப்பசியில் போட்டது, கரையவில்லை பாருங்கள் என்று எடுத்துக் கையில் கொடுப்பார்.

எல்லாரும் ஜில்லென்று இருப்பதாகச் சொன்னார்கள். எல்லாரும் கிளம்பும்போது, "ஆனா மண்ணு ஊடாச்சே மேஸ்திரி" என்றார்கள். மண் குடிசையில் பிறந்து, பாலைவனத்தில் வெந்து சம்பாதித்துக்கொண்டு வந்தவனிடம் மறுபடியும் மண்ணைக் காட்டினால் அவன் எப்படி வாங்குவான்? ஊரில் பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயம் மேஸ்திரிக்கு மட்டும் கடைசிவரை விளங்கவில்லை.

பங்குனியில் அர்ச்சுனன் வந்தார். உப்பளமும் பத்து ஏக்கர் நிலமும் உள்ளவர், ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ளவர். அவர் கட்டினால் பின்னாலேயே நாலு பேர் கட்டுவார்கள். மூன்றாம் தடவை மனைவி ஞானாம்பாளையும் கூட்டிவந்தார். அந்த அம்மாள் சமையல் மேடையின் முன்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடியெடுத்து வைத்து அளந்தாள். வாங்குகிறவள்தான் அளப்பாள். "எனக்கு இன்னும் ரெண்டடி வேணும்ண்ணே" என்றாள். வைகாசி வளர்பிறையில் மனை போட்டு வேலை ஆரம்பிப்பது என்று முடிவாயிற்று. அன்று வீட்டுக்கு வந்த மேஸ்திரி மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் போய்வந்தார். கலைமதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கத்திரி வெயில் தொடங்கிய மறுநாள் அர்ச்சுனனின் அப்பா பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் காலமானார். சின்ன மகன் பம்பாயில். தந்தி கொடுத்து அவன் வந்துசேர இரண்டு நாள் ஆகும். வெளியே செத்த உடம்பை ஊருக்குள், வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. வெட்டவெளியில் கீற்றுப் பந்தல் போட்டு வைத்தால் அந்த வெயிலில் ஒரு பொழுது தாங்காது. வேன் ரோட்டில் நின்றது. அர்ச்சுனன் இறங்கி வந்து மேஸ்திரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"உன் ஆபீசு ஊருக்கு வெளியதான இருக்குது மேஸ்திரி. ஜில்லுனு இருக்குது. ரெண்டே நாளு."

சாவுக்காரன் கையைப் பிடித்தால் எவன் இல்லை என்பான்? அதுவும் முதல் வீட்டைக் கொடுக்கப்போகிறவர் பிடித்தால்? "அதுக்கின்னாங்க, இது ஊடு இல்லியே. ஆபீசுதான், எடுத்தாந்து வையுங்க" என்றார். ஒரு வருடமாக வீடு வீடு என்று சொன்ன வாய் அது.

நாலடி வாசலில் உடம்பைக் கிடத்திய பெஞ்சு சாய்க்காமல் நுழைந்தது. மீன் கம்பெனியிலிருந்து ஐஸ் பார் வந்தது. சுற்றுவட்டார ஜனமெல்லாம் வந்தது. அழுகிறவர்கள் அழ, மற்றவர்கள் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். இரண்டு நாளிலும் உடம்பு கெடவில்லை. தம்பி வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தான். இத்தனை பேர் இதுவரை ஆபீசுக்குள் வந்ததே இல்லை. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும் என்று மேஸ்திரி உள்ளுக்குள் நினைத்துக்கொண்டார். நினைத்ததற்கு வெட்கமும் பட்டார்.

கருமாதி முடிந்து ஒரு வாரம் கழித்து மேஸ்திரி அர்ச்சுனன் வீட்டுக்குப் போனார். "தை பொறக்கட்டுங்க. அவசரமே இல்ல, நான் காத்துனு இருக்கேன்" என்றார். பதில் ஞானாம்பாளிடமிருந்து வந்தது.

"நீங்க செஞ்சத ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டோம்ண்ணே. ஆனா அந்தச் சொவத்த நெனச்சாலே மாமா படுத்திருந்ததுதான் கண்ணுல நிக்குது. அந்த ஜில்லு இன்னும் என் ஒடம்ப விட்டுப் போவல. எங்க ஊட்டுக்குள்ள அது வேணாம்ண்ணே."

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே தாழியை உடைத்தது வெண்ணெயேதான். குளுமையைக் காட்டத்தான் கட்டினார், அது நன்றாகவே தெரிந்துவிட்டது. மேஸ்திரி தலையாட்டிவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார். வரும் வழியில் உப்பளக் கரையில் உட்கார்ந்து அழுதார். தை பிறந்ததும் அர்ச்சுனன் கான்கிரீட்டில் மாடி வீட்டுக்கு மனை போட்டார். சிமெண்டைக் கொடுத்த பாய்க்கு மேஸ்திரியின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

கலைமதி கொடுத்த ஒரு வருடம் எப்போதோ தாண்டியிருந்தது. அவள் கேட்கவில்லை, அவரும் பேச்செடுக்கவில்லை. மறுபடியும் சித்திரை வந்தது. ஒருநாள் மத்தியானம் வானூரிலிருந்து நடராசன் என்று ஒருவர் மொபெட்டில் வந்து இறங்கினார். கேள்விப்பட்டு வந்தேன் என்றார். உட்காரவைத்தார். பத்து நிமிஷம் பேசவில்லை. நடராசன் சுவரைத் தொட்டார், ஜன்னல் பக்கம் கையை நீட்டிக் காற்றைப் பார்த்தார். அப்புறம் எழுந்து போய் வாசலை ஜாணால் அளந்தார். வாங்குகிறவன்தானே அளப்பான்.

"நாலடிங்க. தாராளமா இருக்கட்டும்னு வச்சது" என்றார்.

"போதும்" என்றார் நடராசன். "எங்கம்மா பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில இருக்காங்க. ரெண்டு நாளு தாங்குறதே கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அண்ணன் மஸ்கட்லேர்ந்து வரணும். இது ஆபீசுதானேங்க, ஊடு இல்லியே?"

மேஸ்திரி பாதி பூசாமல் விட்ட சுவரை ஒரு தடவை கையால் தடவினார். "ஆபீசுதாங்க. கொண்டாங்க" என்றார்.

மொபெட் போனதும் ரோட்டைத் தாண்டிப் போய்ப் பாயின் கடையில் உட்கார்ந்தார். ஆஸ்பெஸ்டாஸ் சூட்டில் சட்டை நனைந்தது.

"ஃபைசலுக்கு எழுதிடுங்க பாய்" என்றார். "ஆபீசு சாவி கலைமதிகிட்ட இருக்கும். நான் போனப்புறம் யாராவது வந்து கேட்டா, இல்லன்னு சொல்ல வேணாம்."