லீட்ஸ் அம்மா எழுதாத வாரங்கள்

"டிவியில சமையல் பார்க்கிற சனம் பசியில பார்க்கிறேல்லை..." என்று ஒஷாவாவில் இருக்கும் சூசை அங்கிள் ஒருமுறை சொன்னார். பிறகு வந்தது 'சமைக்கத் தெரியாமல் பார்க்குதுகள்' என்றா, 'கூட இருந்து சாப்பிட ஆளில்லாமல் பார்க்குதுகள்' என்றா, சரியாக ஞாபகமில்லை. அப்பாவின் கூட்டாளி அவர். ஒவ்வொரு ஞாயிறும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார். வேலை இருக்கிறது என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவேன்.

வேலை இதுதான்: இணையத்தில் போகும் ஒரு சமையல் நிகழ்ச்சிக்குக் கீழே பிரிட்டிஷ், அமெரிக்கப் பார்வையாளர்கள் எழுதுவதை வாசித்து, சண்டை முற்றினால் விலக்கிவிடுவது. யாழ்ப்பாணத்தில் தமிழிலும் ஸ்காபரோவில் ஆங்கிலத்திலும் படித்து, லண்டனில் பாதி ஆயுளைக் கழித்து, கலியாணம் முறிந்து ஸ்காபரோவுக்கே திரும்பி வந்தவன் நான். பிரிட்டிஷ்காரருக்கும் அமெரிக்கருக்கும் நடுவில் நிற்க வேறென்ன தகுதி வேண்டும்? டோர்செட் பார்க்கில் ஒரு மாடி வீட்டில் இருந்து பகல் முழுக்க மற்றவர்களின் சாப்பாட்டை வாசிப்பேன். வீட்டிலிருந்தே வேலை செய்து, குசினியில் நின்றபடியே சாப்பிட்டு முடிக்கிறவர்களே, உங்களுக்கு இது விளங்கும்.

இலைப் போர்

நிகழ்ச்சியில் சமையற்காரர் மீனின் மேல் கொத்தமல்லி இலை தூவினார். பிரிட்டிஷ்காரருக்கு அது கொரியாண்டர். அமெரிக்கருக்கு சிலான்ட்ரோ, கொரியாண்டர் என்றால் அவர்களுக்கு விதை மட்டும்தான். மத்தியானத்துக்குள் மீனை எல்லோரும் மறந்துபோனார்கள். ஒருவர் எதிராளியின் பல்வரிசையைக் கேலி செய்யும் வரைக்கும் போய்விட்டார். இனி என்ன அறிவித்தல் போடுவது என்று மேற்பார்வையாளர் பாத்திமாவிடம் கேட்டேன். காத்தான்குடிப் பெண், அண்ணன் என்கிற இடத்தில் நானா என்பா, எதற்கும் அசையமாட்டா.

"பச்சை இலை எண்டு போடுங்க நானா. பிறகு ஆடுகள் மட்டும்தான் சண்டைக்கு வரும்."

ஒற்றைக் கத்தரிக்காய்

கத்தரிக்காய்க்குப் பெயர் ஓபர்ஜீனா, எக்பிளான்டா என்று காலை முழுக்க வழக்குத் தீர்த்ததில் எனக்கும் தின்ன ஆசை வந்துவிட்டது. அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ்க் கடைக்குப் போனேன். நான் தராசில் வைத்ததைக் கடைக்கார அன்ரி தூக்கிப் பார்த்தா. எனக்குப் பின்னால் சனம் வரிசையில் நின்றது.

"ஒண்டோ? ஒரு கத்தரிக்காயில ஆர் தம்பி கறி வைக்கிறது?"

லீட்ஸ் அம்மாவும் ஒஹாயோக்காரரும்

நிகழ்ச்சிக்குக் கீழே எழுதும் இந்த இருவருக்காகத்தான் நான் வேலையையே விடாமல் இருந்தேன் என்று சொல்லலாம். அம்மா பிரிட்டிஷ்காரி, லீட்ஸ் நகரத்து விதவை. இவர் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஓய்வு பெற்ற பஸ் சாரதி. பிரிட்டிஷ் சமையல் போட்டிகளில் தோற்றவரைக் கட்டிப்பிடித்துத் தேத்தண்ணி கொடுப்பதைப் பார்த்தால் நித்திரை வருகிறது என்பார் இவர். "உங்கள் நிகழ்ச்சிகளில் சமைக்கிறார்களா, குண்டைச் செயலிழக்க வைக்கிறார்களா?" என்பார் அம்மா. தன் ஊரில் பிஸ்கட் என்று சொல்லும் மெதுவான பணிஸின் மேல் இறைச்சிக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவதாக இவர் எழுத, தேத்தண்ணியில் தோய்க்கும் இனிப்பு பிஸ்கட்டை நினைத்து, பொலிசுக்கு அறிவிக்கப்போவதாக அம்மா எழுதினார்.

திடீரென்று லீட்ஸ் அம்மாவின் எழுத்து நின்றது. ஒவ்வொரு வாரமும் அந்தப் பெயரைத் தேடினேன். எங்கள் வேலையில் சொந்தப் பெயரில் எழுதவோ, யாரையும் தேடிப்போய் விசாரிக்கவோ கூடாது. ஒருநாள் ஒஹாயோக்காரர் எழுதினார்: "லீட்ஸ் அம்மா எங்கே? நான் பிழையாகச் சொன்னால் திருத்த இங்கே ஒருவரும் இல்லை." எனக்கும் தெரியாது என்று தட்டினேன். அனுப்பாமல் அழித்தேன்.

மூன்று வாரம் கழித்து அம்மா வந்தார்.

"மகள் வீட்டில் இருந்தேன். மேசையைச் சுற்றி ஆட்கள். டிவி போடும் நினைப்பே வரவில்லை. இப்போது திரும்பிவிட்டேன். அந்தக் குழம்பை இன்னும் பிஸ்கட்டில்தான் ஊற்றுகிறீர்களா?"

சண்டை தொடங்கியது. எனக்கும் வேலை வந்தது. ஆனால் நான் கணினியை மூடிவிட்டு சூசை அங்கிளுக்கு போன் அடித்தேன். டிவியில் சமையல் பார்க்கிற சனத்தைப் பற்றி அன்றைக்குச் சொன்ன வசனத்தை எப்படி முடித்தீர்கள் என்று கேட்டேன்.

"உதெல்லாம் ஆருக்கடா ஞாபகம்? ஞாயிறு வாறியோ இல்லையோ, அதைச் சொல்லு. மனுசி நண்டு வாங்கவேணும்."

வாறன் என்றேன்.